சலாபம் நின்ற பிறகு வந்த கேமரா

எங்க சித்தப்பா கப்பலுக்குப் போயிருந்தபோது வாங்கிவந்த ரோலி 35 கேமரா என்னிடம் இருக்கிறது. கையகலம்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகலாம். அதைப் பார்க்கிற இளவட்டங்கள் முதலில் கேட்கிற கேள்வி, "அண்ணாச்சி, இது இப்ப என்ன விலைக்குப் போகும்?" என்பது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு வருகிற கேள்வி வேறே. இது ஒரு இருபது வருஷம் முந்தி இந்தக் கரைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாழையும் உரமும் எழுதுகிற ஆளு இன்றைக்குக் கேமராவை எழுதுகிறேன் என்றால் காரணம் அதுதான்.

கொற்கைக்கு இப்போது வந்து பார்த்தால் நெல்லும் வாழையும்தான் தெரியும். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் மேல்தான் நாங்கள் வெள்ளாமை பார்க்கிறோம். குழி தோண்டினால் சங்குச் சில்லு வரும். கடல் விலக விலகத் துறையும் கூடவே நகர்ந்தது. கொற்கை போய் காயல், பிறகு புன்னைக்காயல், அப்புறம் தூத்துக்குடி. கொற்கை முத்தைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முத்தைத்தான் பாடினார்கள். முங்கினவன் எப்படி இருந்தான் என்று கேட்டால் வெளியூர்க்காரன் எழுதினதைத்தான் புரட்ட வேண்டியிருக்கு. சுமார் 2000 வருஷத்துக்கு முந்திய பெரிப்ளஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, இங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளை இறக்கி முத்து எடுத்தார்கள் என்கிறது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, சுறா கடிக்காமல் மந்திரம் போடுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்ததை எழுதுகிறார். பின்னாளில் அவர்களுக்குக் கடல்கட்டி என்று பெயர். மந்திரத்தை நம்பாத வெள்ளைக்காரச் சர்க்காரே கடல்கட்டிக்குக் கூலி கொடுத்துக் கூப்பிட்டிருக்கிறது. கடல்கட்டி வராமல் ஒருத்தனும் தண்ணியில இறங்கமாட்டேன்னு நின்னா சர்க்கார் வேற என்ன செய்யும்!

போர்த்துகீசியர், டச்சுக்காரர், இங்கிலீஷ்காரர் என்று ஒவ்வொருத்தராக வந்தார்கள். எத்தனை தோணி, எத்தனை சிப்பி, எவ்வளவு வரும்படி என்று கணக்கு எழுதி வைத்தார்கள். கணக்கு இருக்கிறது. முகம் இல்லை.

முகம் கேமராவோடு வந்தது. ஆனால் எப்படிப்பட்ட முகம் என்பதைக் கொஞ்சம் பார்க்கணும்.

எட்கர் தர்ஸ்டன் என்று ஒருவர், சென்னை மியூசியத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பு பற்றி 1890-ல் எழுதினார். அதே ஆள்தான் பின்னால் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதி போட்டார், 1909-ல். மூக்கு இத்தனை, மண்டை இத்தனை என்று அளவுகோல் வைத்து மனுசனை அளந்தவர். அவருக்குப் பிறகு ஜேம்ஸ் ஹார்னெல். மீன்துறை அதிகாரியாகத் தூத்துக்குடியிலேயே இருந்து வேலை பார்த்தவர். 1914-ல் சங்கைப் பற்றி மட்டும் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். படங்களும் போட்டிருக்கிறார். ஹார்னெல்மேல் எனக்கு மரியாதை உண்டு. தோணி கட்டுவதிலிருந்து சங்கு அறுப்பதுவரை உட்கார்ந்து பார்த்து எழுதியவர், அந்தக் காலத்து அதிகாரியில் அப்படி ஒரு ஆள் அபூர்வம்.

அந்தக் கரையிலும் நம்ம ஆட்களைத்தான் படம் பிடித்தார்கள். இலங்கையின் மரிச்சுக்கட்டியில் 1905-ல் நடந்த சலாபம் (முத்துக் குளிப்புக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர்) மிகப் பெரியது. ஒரே பருவத்தில் 8 கோடிச் சிப்பிக்கு மேல் எடுத்தார்கள். இலங்கை சர்க்காருக்கு 25 லட்ச ரூபாய் வரும்படி. தூத்துக்குடிப் பரவர், கீழக்கரை முஸ்லிம்கள், அரபிக்காரர் என்று பல கரை ஆட்கள் அங்கே போய் முங்கினார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிக்கிறவர்களுக்கு, மீதி சர்க்காருக்கு. ஆளே இல்லாத மணல்காட்டில் ஓலைக் கொட்டகையிலேயே ஒரு பட்டணம் எழும்பி, சலாபம் முடிந்ததும் காணாமல் போகும். 1912-ல் அமெரிக்காவின் நேஷனல் ஜியாகரபிக் பத்திரிகைகூட இலங்கைச் சலாபத்தைப் பற்றிக் கட்டுரை போட்டது.

இந்தக் காலத்துப் படங்களில் நான் பார்த்த மட்டும், கரையில் வரிசையாக நிற்கவைத்து எடுத்தவைதான் அதிகம். கோவணமும் இடுப்பில் கட்டிய கூடையுமாக விறைத்து நிற்பார்கள். மூன்றுகால் தாங்கியும் கண்ணாடித் தகடுமாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆடுகிற தோணியில் நிற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதனால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கீழே எழுதியிருப்பதைப் பாருங்கள். முத்துக் குளிப்பவர், பரவர், கீழக்கரைக்காரர் என்று தொழிலும் சாதியும் ஊரும் இருக்கும். பெயர் இருக்காது. நான் பார்த்தவற்றில் ஒன்றில்கூட இல்லை. சிப்பிக்குத் தனிப்பெயர், பாருக்குத் தனிப்பெயர் உண்டு. கடலடியில் சிப்பி விளைகிற பாறைத் திட்டைப் பார் என்போம். தோலாயிரம் பார் என்றால் எந்த மீன்துறைக் குறிப்பிலும் கிடைக்கும். மனுசனுக்குத்தான் பேர் கிடையாது.

கேமரா சின்னதாகிற கதை உலகத்தில் வேறு பக்கம் நடந்துகொண்டிருந்தது. 1900-ல் கோடாக் கம்பெனி பிரவுனி என்ற பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விற்றது. 1925-ல் ஜெர்மனியில் லைக்கா வந்தது, சினிமாவுக்கு ஓடுகிற 35 மில்லிமீட்டர் பிலிமை வைத்தே படம் எடுக்கிற சின்னக் கேமரா. இங்கே சாதாரண சனத்துக்கு அதெல்லாம் வரவில்லை. நமக்கு வந்தது ஸ்டூடியோ. மாடிப்படியும் பூச்சாடியும் வரைந்த திரைக்கு முன்னால் கல்யாணத்துக்கு ஒன்று, பரவர் வீடுகளில் புதுநன்மை வாங்குகிற பிள்ளைக்கு ஒன்று, செத்தபிறகு நாற்காலியில் உட்காரவைத்து ஒன்று. கடலுக்குள் கிழவன் என்ன செய்தான் என்பதற்கு வீட்டில் படம் கிடையாது. 1960-களுக்குப் பிறகு பரோடாவில் செய்த அக்பா கிளிக் 3 வந்தது. பன்னிரண்டு படம் விழும். வசதியான வீடுகளில் அதைப் பார்க்கலாம்.

இப்போது தேதியைக் கவனியுங்கள். நடுவில் பல வருஷம் விழாமல் கிடந்த சலாபம் 1955-ல் மறுபடி தூத்துக்குடியில் விழுந்தது. 1961-வரை நடந்தது. அதோடு சரி. இன்றைக்குவரை இந்தக் கரையில் இன்னொரு சலாபம் இல்லை. சிப்பி திரும்பவில்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்லுதாங்க: நீரோட்டம், சிப்பியைத் தின்கிற மீன், பின்னால் வந்த இழுவைமடி, பவளப்பாறை வெட்டினது. 1973-ல் மத்திய மீன் ஆராய்ச்சிக்காரர்கள் நம்ம வேப்பலோடையில் சிப்பிக்குள் மணியை வைத்து முத்து விளையவைத்துக் காட்டினார்கள். பெரிய காரியம்தான். ஆனால் அதற்கு முங்குகிறவன் தேவையில்லை.

அதே 1960 வாக்கில்தான் பிரான்சில் கூஸ்தோ குழுவோடு சேர்ந்து தண்ணிக்குள் கொண்டுபோகிற கலிப்சோ கேமராவைக் கொண்டுவந்தார்கள். 1963-ல் நிக்கான் அதை வாங்கி நிக்கானோஸ் என்று விற்றது. 35 மில்லிமீட்டர் பிலிமோடு கடலுக்கு அடியில் இறங்கலாம். இரண்டாயிரம் வருஷம் நடந்த தொழில் முடிகிற நேரத்தில் அதைப் பிடிக்கிற சாமான் பிறக்கிறது. இதை எங்கே போய்ச் சொல்ல!

ரோலி 35 வந்தது 1966-ல், ஜெர்மனியில் நடந்த போட்டோகினா கண்காட்சியில். அதை வடிவமைத்த ஹைன்ஸ் வாஸ்கெ வேலை பார்த்த கம்பெனி கேமராத் தொழிலையே விட்டுவிட்டது. அந்த ஆள் தான் செய்த மாதிரியைத் தூக்கிக்கொண்டு லைட்ஸ், கோடாக் என்று ஏறி இறங்கி, வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிறகு ரோலியில் போய்ச் சேர்ந்தார். இதில் மட்டரகம் என்று ஒன்றும் இல்லை. லென்ஸ் ஸைஸ், வெளிச்சமானி கோசன், ஷட்டர் காம்பூர் வகை. உலோக உடம்பு, 370 கிராம். முழு 35 மில்லிமீட்டர் படம் எடுக்கிற கேமராவில் அன்றைக்கு அதைவிடச் சின்னது இல்லை.

ஜெர்மனியில் கூலி கட்டுப்படியாகாமல் 1970-களின் தொடக்கத்தில் ரோலி சிங்கப்பூரில் தொழிற்சாலை போட்டது. என் கேமராவின் மேலேயும் ரோலி சிங்கப்பூர் என்றுதான் போட்டிருக்கிறது. ஜெர்மன்காரச் சரக்கு என்று பீத்துகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கும். எனக்கு அதுதான் பெருமை. நம்ம சனங்கள் காலம்காலமாகப் போய்வந்த துறைமுகத்தில் செய்தது. ஜெர்மனியில் செய்ததோடு வைத்து வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ரோலி கம்பெனி 1981-ல் நொடித்துப்போனது, சிங்கப்பூர்த் தொழிற்சாலையும் அதோடு போச்சு.

தூத்துக்குடி 1974 ஜூலையில் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டிய வருஷங்களில்தான் விவசாய வீட்டுப் பையன்களும் கப்பலுக்குப் போக ஆரம்பித்தார்கள். சித்தப்பா அப்படிப் போனவர். இயந்திர அறையில் எண்ணெய் போடுகிற வேலை. 1975-ல் சிங்கப்பூரில் கப்பல் நின்றபோது வாங்கினார். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கேமரா நம்ம ஊர்க் கடையில் சும்மா கிடைக்காது. இறக்குமதிக் கட்டுப்பாடு. கப்பல்காரர் பெட்டியில் வரணும், இல்லை என்றால் மெட்ராஸில் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969-ல் ஏற்பட்ட பர்மா பஜாரில் பேரம் பேசணும். அவர் கேமரா வாங்கிவந்ததும் தாத்தா சொன்னாராம், "ஒரு ஜோடி மாடு பிடிச்சிருக்கலாமேல." ஆச்சி மட்டும் அதை அரிசிப் பானைக்குள் பத்திரமாக வைத்தாள்.

கேமரா சிங்கப்பூர் என்றால் பிலிம் கிழக்கு ஜெர்மனி. ரூபாய் வர்த்தகத்தில் வந்த ஓர்வோ கறுப்பு வெள்ளைப் பிலிம். பிரிண்ட் போடுகிற தாள் ஊட்டியிலிருந்து வந்தது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய சர்க்கார் ஆலை, 1960-ல் தொடங்கிய கம்பெனி, 1967-லிருந்து உற்பத்தி, இந்து என்று மார்க்கு. தமிழ்நாட்டில் பல வீட்டு ஆல்பங்களில் இருப்பது அந்த ஊட்டித் தாள்தான். ஆஸ்பத்திரி எக்ஸ்ரேகூட அவர்கள் பிலிம்தான் ரொம்பக் காலம். இப்போது மூடிக் கிடக்கு.

இந்தக் கேமராவைப் பழகுவது ஒரு உழவு மாட்டைப் பழக்குவது மாதிரி, அது சொல்கிறபடிதான் நாம் போகணும். லென்ஸ் உள்ளே அமுங்கி இருக்கும். வெளியே இழுத்துத் திருகிப் பூட்டணும். திரும்ப உள்ளே தள்ளுவதற்கு முந்தி பிலிமை ஒரு கட்டை தள்ளியிருக்கணும், இல்லையென்றால் உள்ளே போகாது. வலுக்கட்டாயம் பண்ணினால் உடைந்துபோகும். பிலிம் தள்ளுகிற நெம்பு இடது கைப் பக்கம். பிளாஷ் மாட்டுகிற இடம் அடியில். அப்படியே எடுத்தால் வெளிச்சம் கீழேயிருந்து அடித்து, மாப்பிள்ளை முகம் முனியசாமி மாதிரி விழும். கேமராவைத் தலைகீழாகப் பிடிக்கணும்.

தூரத்தைக் காட்டுகிற ஏற்பாடு எதுவும் இதில் கிடையாது. கண்ணால் மதிச்சு வளையத்தில் வைக்கணும். பட்டணத்துப் பிள்ளைகள் இதில்தான் தடுமாறுவார்கள். நமக்குக் கஷ்டமே இல்லை. வாழைக்கு வாழை ஆறடி. ஒரு வாழை தள்ளி நிற்கிறானா, ரெண்டு வாழை தள்ளியா என்று பார்த்தால் முடிந்தது. வெளிச்சத்துக்கு பாட்டரி போட்ட மானி உண்டு. அதற்கான பாதரசப் பாட்டரி இப்போது விற்பனையில் இல்லை. இல்லாவிட்டாலும் ஷட்டர் ஓடும், எல்லாம் பல்சக்கரம்தான். நல்ல வெயிலில் 125 வேகப் பிலிமுக்கு 125-ல் ஒரு வினாடி, துவாரம் 16. உப்பளத்துக்குள் போனால் 22. உப்புக் குவியல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அங்கே வேலை பார்க்கிறவர்களின் கண்ணைக் கேட்டால் தெரியும்.

சித்தப்பா விடுமுறைக்கு வரும்போது எடுத்த பிலிம் சுருள்கள் நாற்பதுக்கு மேல் இருக்கு. கல்யாணம், கோயில் கொடை, அறுப்பு எல்லாம் உண்டு. அதில் ஒரு சுருள் திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போன தோணியில் ஏறி எடுத்தது. சலாபம் நின்றபிறகும் சங்கு நிற்கவில்லை. முத்துக்கு முங்கின ஆட்கள் சங்குக்கு முங்கினார்கள், அதே கடல், அதே மூச்சு. ஒரு படத்தில் ஒருத்தர் தண்ணியிலிருந்து தலையைத் தூக்குகிறார், கண்ணாடி முகமூடி நெற்றிக்கு ஏறியிருக்கு. இன்னொன்றில் மூன்று பேர் கஞ்சி குடிக்கிறார்கள், ஒருத்தர் கேமராவைப் பார்த்து என்னமோ வைகிறார் என்று வாயைப் பார்த்தாலே தெரிகிறது. யாரும் விறைத்து நிற்கவில்லை. சட்டைப் பைக்குள் அடங்குகிற கேமராவை அவர்கள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சித்தப்பா செய்த இன்னொரு காரியம்: நெகட்டிவ் வைத்த காகித உறையில் ஆள் பெயர், தோணிப் பெயர், நாள் எல்லாம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். தர்ஸ்டனும் ஹார்னெலும் வராத இடத்துக்கு எங்க சித்தப்பா போயிருக்கிறார் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அந்தப் பெயர்களை வைத்துத் திரேஸ்புரத்தில் விசாரித்து ஒரு வீட்டைக் கண்டுபிடித்தேன். கஞ்சி குடிக்கிற மூவரில் ஒருவர் வீடு. அவர் காலமாகிப் பல வருஷமாச்சு. அவர் வீட்டம்மாவுக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். பிரிண்டைக் கையில் கொடுத்தேன். அந்த ஆச்சி புருஷன் முகத்தைப் பார்ப்பாள் என்று நினைத்தால், படத்தின் ஓரத்தில் தெரிகிற பாயைத்தான் முதலில் பார்த்தாள். பாயில் ஒரு ஒட்டு. "இது நான் தைச்சதுய்யா" என்றாள். அதற்கப்புறம்தான் முகம். அவர் கடைசிச் சலாபத்திலும் முங்கினவர் என்றாள். அதற்கு ஏதாவது படம் இருக்கா என்று கேட்டேன். கல்யாணத்துக்கு ஸ்டூடியோவில் எடுத்த ஒன்றைத்தான் காட்டினாள். சட்டைக்காலர் கழுத்தை நெரிக்க, பூச்சாடிக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

மீன்துறைக் கோப்பிலோ பத்திரிகை அலுவலகத்திலோ கடைசிச் சலாபத்தின் படங்கள் இருக்கலாம். நான் சொல்வது வீட்டுப் படம். முங்கினவனின் தம்பியோ மச்சானோ பக்கத்துத் தோணியில் இருந்து எடுத்த படம். புன்னைக்காயல், பழையகாயல், திரேஸ்புரம் என்று நான் புரட்டிய ஆல்பம் எதிலும் அப்படி ஒன்று இல்லை. கேமரா வந்தபோது சலாபம் போயிருந்தது.

வந்த கேமரா எடுத்ததும் இப்போது போய்க்கொண்டிருக்கிறது. உப்புக் காற்றும் ஈரமும் லென்ஸில் பூசணம் பிடிக்கவைக்கும். பிலிமின் மேல் பூச்சு ஜெலட்டின், மாட்டெலும்பிலும் தோலிலும் காய்ச்சுகிற சரக்கு. பூசணத்துக்கு அது விருந்து. பழைய பிலிமின் அடிப்பாகம் இன்னொரு விதமாகக் கெடும். டப்பாவைத் திறந்தால் காடி வாடை அடிக்கும், பிலிம் சுருங்கி நெளிந்துவிடும். ஒன்று கெட்டால் பக்கத்தில் உள்ளதையும் கெடுக்கும், மாம்பழக் கூடை மாதிரி. சித்தப்பா சுருள்களில் ஆறு அப்படிப் போய்விட்டது. பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள். காகித உறையில், காற்றுப் படுகிற உலர்ந்த இடத்தில், ஓட்டு வீடாக இருந்தால் சுவரை ஒட்டாமல் வையுங்கள். வாடை வந்தால் உடனே தனியாகப் பிரித்து, படம் தெரிகிறபோதே ஸ்கேன் பண்ணிவிடணும்.

இப்போது கான்டாக்ஸ் டி2, நிக்கான் 35 டிஐ, ரிக்கோ ஜிஆர்1 என்று 1990-களில் வந்த விலை உயர்ந்த சின்னக் கேமராக்களைப் பையன்கள் தேடி அலைகிறார்கள். அருமையான லென்ஸ்கள், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே முழுக்க மின்சாரப் பலகை. அது ஒரு நாள் நின்றால் மாற்றுச் சாமான் இல்லை. கான்டாக்ஸ் செய்த கியோசெரா 2005-லேயே அந்தக் கடையைக் கட்டிவிட்டது. அவ்வளவு பணம் போடுகிறவர்கள் அதில் கொஞ்சத்தை எடுத்து வீட்டுப் பரணில் கிடக்கிற நெகட்டிவுக்குச் செலவழித்தால் தேவலை என்பது என் கட்சி. புதுப் பிலிம் சுருளே ஆயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது. நான் வருஷத்துக்கு ரெண்டு போடுகிறேன், போன சுருளில் பாதி உப்பளம், பாதி எங்க வாழைத்தோப்பு.

திரேஸ்புரத்துச் சுருளில் இன்னும் இரண்டு தோணிகளின் ஆட்கள் யாரென்று தெரியவில்லை. அந்த உறையில் மட்டும் பென்சில் அழிந்திருக்கு. 1976, 77 வாக்கில் சங்குக்குப் போன வீடுகள் உங்களுக்குத் தெரிந்தால், அல்லது 1955-லிருந்து 61-வரை சலாபத்தில் எடுத்த வீட்டுப் படம் ஒன்றே ஒன்று யார் பெட்டியிலாவது கிடந்தால், எனக்குச் சொல்லுங்கள். நான் பஸ் ஏறி வருகிறேன். படத்தை வாங்கிக்கொண்டு போக மாட்டேன், உங்கள் வீட்டிலேயே வைத்துப் பிரதி எடுத்துக்கொள்கிறேன். படம் இல்லாவிட்டாலும் தோணிப் பெயர் தெரிந்தால் சொல்லுங்கள்.